கட்டுமரம் இறங்காத நாள்

இப்போதெல்லாம் விடிகாலையில் போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று. உங்களுக்கும் என் வயசு என்றால் நான் விளக்க வேண்டியதில்லை. புதுசும் இல்லாமல் கிழிசலும் இல்லாமல் ஒரு புடவையைத் தேடிக் கட்டிக்கொண்டு, எம்.கே.பி. நகரிலிருந்து ஆட்டோ பிடித்து, ஷாமியானாவுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் தெரிகிற முகத்தை ஒருதரம் எட்டிப் பார்த்து, பேப்பர் கப்பில் டீயைக் குடித்துவிட்டு வந்து தலைக்கு ஊற்றிக்கொள்கிறேன். துக்கத்தைவிட அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

போன வாரம் அப்படி ஒரு சாவுக்குப் போய்த் திரும்பியபோது மருமகள் கேட்டாள். "இன்னா அத்தே, கூடப் படிச்சவங்கன்னு சொன்னீங்க. ஒரு சொட்டுத் தண்ணி வரலியே உங்க கண்ணுல?"

குத்திக்காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை, சும்மாதான் கேட்டாள். ஆனாலும் சுருக்கென்றது. அழத் தெரியாத ஊரிலிருந்து வந்தவள் இல்லை நான். ராயபுரத்துக் கடற்கரையில் எங்கள் குப்பத்துப் பெண்கள் மொத்தமாக ஒரு சாவுக்கு அழுததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். செத்தவர் எங்களுக்குச் சொந்தமில்லை. எங்கள் சாதி இல்லை, எங்கள் சாமியைக் கும்பிடுகிறவரும் இல்லை. பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்த ஒரு நர்சு. அவ்வளவுதான் பழக்கம்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். குடும்பக் கட்டுப்பாட்டுக்காகச் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைய ஆரம்பித்திருந்த காலம் என்றால் உங்களுக்குப் பிடிபடும். எங்கள் வீட்டுக்கு முன்னால் கருங்கல் கொட்டிய கரை, தாண்டினால் மணல், அப்புறம் கடல். பின்னால் ரயில் தண்டவாளம். அதற்கும் அந்தாண்டை துறைமுகத்துக்கு இரும்பு மண் ஏற்றிக்கொண்டு போகிற லாரிகள். காலையில் துவைத்துக் காயப்போட்ட துணி சாயங்காலத்துக்குள் செம்பழுப்பாகிவிடும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் சட்டைக் காலரைப் பிடித்துப் பார்த்து முகம் சுளிப்பார். என்னை என்ன சொன்னாலும் நான் தாங்கிக்கொள்வேன், அம்மா துவைத்ததைச் சொன்னால் மட்டும் அழுகை வரும்.

நைனா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போகிறவர். கட்டுமரத்தை நாங்கள் மரம் என்றுதான் சொல்வோம். விடிவதற்கு முன் மரத்தைத் தண்ணீரில் இறக்கினால் வெயில் ஏறுகிற நேரத்துக்குத் திரும்புவார்கள். மீனைக் கரையில் கொட்டுகிற வரைக்கும்தான் ஆண்களுடைய பாடு. அதற்கப்புறம் அது பெண்களுடைய மீன். ரகம் பிரிப்பது, கூறு கட்டுவது, ஏலம் விடுவது, கூடையில் சுமந்து தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பது எல்லாம் அவர்கள்தான். ஓர் ஆண்பிள்ளை மீன்கூடையைத் தலையில் வைத்து நான் பார்த்ததேயில்லை. வைத்தால் ஊரே சிரிக்கும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடிகிற வரைக்கும் யாரும் மரம் இறக்கக் கூடாது. பணக்காரன் ஏழை, பச்சைக் குழந்தை என்ற பேதமெல்லாம் கிடையாது. ஊரோடு வருஷக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லாமல் ஒதுங்கிக் கிடந்த ஒரு குடிகாரர் செத்தபோதுகூட அத்தனை மரமும் மணலில் ஏறித்தான் கிடந்தன. எங்கள் ஊரில் ஒரு மனுஷருக்குக் கொடுக்கிற மரியாதையில் பெரியது அதுதான்.

நர்சம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். மாநகராட்சி ஆஸ்பத்திரியில் வேலை. ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ரூமில் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று எங்கள் குப்பத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள், அவரிடம் கேட்கத்தான் யாருக்கும் தைரியமில்லை. நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை, ஆண்பிள்ளைகள் கட்டுகிற மாதிரி பெரிய வாட்ச்சு, கறுப்பு லேடீஸ் சைக்கிள், கேரியரில் பழுப்புத் தோல்பை. கருங்கல் கரையோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். டெட்டால் வாசனை முன்னால் வரும், அவர் பின்னால் வருவார்.

நாங்கள் சைக்கிளைச் சூழ்ந்துகொண்டு மணியை அடிப்போம்.

"ஏ பிள்ளே! தொட்டா கைய முறிச்சுப் போடுவேன், கேட்டியா?"

அந்த "கேட்டியா"வுக்காகவே இன்னொருதரம் அடிப்போம். அவர் போனபிறகு நாள் முழுக்க ஒருத்தரையொருத்தர் "கேட்டியா, கேட்டியா" என்று மிரட்டிக்கொண்டு திரிவோம்.

அவர் சாந்த சொரூபி எல்லாம் இல்லை. வாய் ரொம்ப நீளம். பிரசவ வலியில் கத்துகிற பெண்ணிடமே, "சும்மா கெட பிள்ளே, ஒனக்கு மட்டுமா வலிக்குது?" என்று அதட்டுவாராம். பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் கிண்ணத்தைப் பிடுங்கி வெளியே வீசுவார். ஆனால் அவர் வந்த வீட்டில் தாயோ பிள்ளையோ போனதில்லை என்று பெண்கள் சொல்லிக்கொள்வார்கள். அது முழு உண்மையாக இருக்காது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அப்போது அப்படித்தான் நம்பினார்கள், நானும் நம்பினேன். பெரியவளானால் நீலக்கரைப் புடவை கட்டிக்கொண்டு சைக்கிளில் போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசை கைகூடவில்லை. இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது.

அவரிடம் ஒரு தராசு இருந்தது. பித்தளை முகம் வைத்த ஸ்பிரிங் தராசு, கீழே ஒரு கொக்கி. பிறந்த பிள்ளையைத் துணித்தூளியில் போட்டு அந்தக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பிடிப்பார். முள் ஆடி ஆடி நிற்கும். குப்பமே வாசலில் கூடி நின்று வேடிக்கை பார்க்கும்.

"நாங்க மீனையே எடை போட மாட்டோம், கண்ணால பாத்துக் கூறு கட்டுவோம். இந்தம்மா இன்னாடான்னா புள்ளைய நிறுத்துக்கினு கீது!" என்று ஏலம் விடுகிற அத்தை ஒவ்வொரு முறையும் சொல்வாள். ஊருக்கே ஏலம் கூவுகிற தொண்டை அது. நர்சம்மாவுக்கே சிரிப்பு வந்துவிடும், முள் மறுபடி ஆடும்.

என் கடைசித் தம்பியை அப்படித் தூக்கிப் பிடித்ததை நான் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஐந்தாவது பிள்ளை அவன். பெற்றுப் போட்டுவிட்டு அம்மா சுவரோரம் நார் மாதிரி கிடந்தது. உதட்டில் ரத்தமே இல்லை. நர்சம்மா தம்பியை நிறுத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் வாட்ச்சுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். நைனா வெளியில் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

இதற்குச் சில மாதம் கழித்து ஒரு நாள், விற்கப் போன அம்மா கூடை பாதி காலியாகாமலே திரும்பி வந்தது. அம்மா அப்படி வருகிற ஆளே இல்லை. கடைசி மீனை ஓசிக்காவது கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு வருகிறவள். வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டது. "வெயிலு தாங்கல" என்று நைனாவிடம் சொன்னது. மார்கழி மாசம், வெயிலே இல்லை. நைனா நம்பினார். அன்றைக்குச் சாயங்காலம் நர்சம்மா, தம்பியை எடை பார்க்க வேண்டும் என்று வந்தார். எடை பார்த்ததென்னவோ கொஞ்ச நேரம்தான். அம்மாவோடு உட்கார்ந்து கிசுகிசுவென்று பேசியதுதான் அதிகம். நான் பக்கத்தில் போனால், "ஏ பிள்ளே, கடல்ல எத்தன அலை வருதுன்னு எண்ணிட்டு வா" என்று விரட்டினார். அம்மா எழுந்து வஞ்சிரம் வறுத்துக் கொடுத்தது. இலையை வழித்துத் தின்றுவிட்டு, "எங்க ஊரு நெய்மீனுக்கு இது தூசி பெறுமா?" என்றார். இரண்டும் ஒரே மீன்தான். அம்மா அன்றைக்கு ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தது.

அப்புறம் அம்மாவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. உதட்டில் ரத்தம் ஊறியது, பழையபடி ராயபுரம் பூரா கேட்கிற மாதிரி மீன் கூவ ஆரம்பித்தது. எல்லையம்மன் இரக்கப்பட்டு வயிற்றை மூடிவிட்டாள் என்று நைனா சொன்னார். கோயிலில் ஒரு தேங்காயும் உடைத்தார்.

ஆண்களுக்கு நர்சம்மா மேல் கசப்பு வந்தது அந்தச் சமயத்தில்தான். ஆஸ்பத்திரிச் சுவரில் சிவப்பு முக்கோணம் வந்ததிலிருந்து, அந்தம்மா பிள்ளை பெற வைக்க வரவில்லை, பிள்ளையை நிறுத்தத்தான் வருகிறது என்று பேச்சு கிளம்பியது. டீக்கடையில் ஒருத்தர் ஆரம்பித்தால் வலை பின்னுகிற இடத்தில் பத்துப் பேர் தொடர்வார்கள். வம்சத்தை அறுக்க வந்தவள் என்றுகூடச் சொன்னார்கள். அதைச் சொன்ன வாய்களில் பாதி, அவர் கையில் பிறந்த பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்ன வாய்கள்.

ஒருநாள் நாட்டார், அதாவது எங்கள் ஊர்த் தலைவர், கரையிலேயே சைக்கிளை மறித்தார். நல்ல மனுஷர்தான், முரட்டு மீசை. நாங்கள் எல்லாம் சுற்றி நின்றோம்.

"இந்தாம்மா, புள்ள பெத்துக் குடு, போ. உன்னிய யாரும் வேணான்னு சொல்லல. அந்த இன்னொரு சங்கதிய எங்க பொம்பளைங்ககிட்ட எடுக்காத. மருவாதியாச் சொல்றேன்."

நர்சம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்க வீட்டுப் பொம்பளைகள்ட்ட நான் என்ன பேசுனேன்னு அவங்கள்ட்டயே கேளுங்க. சொன்னா எனக்கும் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எப்போதும்போல் மணலில் நடந்து போனார்.

நாட்டார் அன்றைக்கு வீட்டில் கேட்டிருப்பார். நைனாவும் கேட்டார். "சேச்சே, அதெல்லாம் இன்னாத்துக்கு நம்மகிட்ட பேசப்போவுது?" என்று அம்மா சொன்னது. எல்லா வீட்டிலும் அதே பதில்தான் வந்திருக்க வேண்டும். நைனாவுக்குப் பெருமை. "என் பொண்டாட்டிய அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் நான் வுடுவனா?" என்று வலை பின்னுகிற இடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நர்சம்மா செத்தது எறா சீசனில். இறாலை நாங்கள் எறா என்போம், அதற்குத் திடீரென்று மவுசு வந்திருந்த வருஷம் அது. கம்பெனி வேன் ஐஸ் பெட்டியோடு கரைக்கே வந்து நிற்கும். ஒரு நாள் தொழிலுக்குப் போகாவிட்டால் கையைக் கடிக்கிற மாதிரி எல்லாருக்கும் ஒரு பரபரப்பு.

மத்தியானம் விற்கப் போயிருந்த பக்கத்து வீட்டுச் சித்தி வெறுங்கையோடு ஓடி வந்தாள். கூடையை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ரோட்டில் மண் லாரி ஒன்று நர்சம்மா சைக்கிளை அடித்துவிட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. ரோடெல்லாம் செம்மண்ணாக இருந்ததால் எது ரத்தம், எது மண் என்று தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டாள்.

அம்மா எறா உரித்துக்கொண்டிருந்தது. உரித்துக்கொண்டே இருந்தது. நிறுத்தவேயில்லை. எல்லாவற்றையும் உரித்து முடித்து, கையைக் கழுவி, பிறகுதான் "காலைல என்னாண்ட பேசிட்டுப் போச்சேடி" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தது.

சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. பெண்கள் கூட்டத்தில் பேசுகிற வழக்கமில்லை. ஓரமாக நிற்பார்கள். அன்றைக்கு அம்மா முன்னால் வந்து நின்றது. நான் சித்தி முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், ஏனென்றால் நைனா அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு அந்தம்மாவ அடக்கம் பண்றாங்க. நம்ம ஊர்ல மரம் எறக்கக் கூடாது நாட்டாரே."

நாட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாவந்தான். நானும் கேட்டுட்டு கலங்கிதான் போயிட்டேன். ஆனா அது ஊர்ச் சாவு இல்லம்மா. வேலைக்கி வந்த பொம்பள. சம்பளத்துக்கு வந்துது, செஞ்சுது."

ஏலம் விடுகிற அத்தைக்குப் பொறுக்கவில்லை. "இங்க உக்காந்துகினு கீறீங்களே, உங்க புள்ளைங்க அத்தினியும் யாரு கையில வந்து வுழுந்துது? அது ஊரு இல்லன்னா வேற எது ஊரு?"

"தே, பொம்பளைங்க பேஜாரு பண்ணாதீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "புள்ளைங்கள நிறுத்த வந்ததுக்கு மரத்த நிறுத்தணுமாம்!" இன்னொருத்தர் சிரித்தார். நாட்டார் அந்தச் சிரிப்பை அதட்டி அடக்கினார், ஆனால் தீர்ப்பை மாற்றவில்லை. விருப்பப்பட்டவர்கள் மாலை வாங்கிக்கொண்டு போகலாம். மரம் இறங்கும்.

அம்மா நைனாவைப் பார்த்தது. ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று பார்த்தது. நைனா மணலில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

விடிகாலையில் மரங்கள் போய்விட்டன. அம்மா நைனாவுக்குக் கஞ்சித் தூக்கைக் கட்டி வாசலில் வைத்தது, கையில் கொடுக்கவில்லை. அவர் போனதும் மீன்கூடையைக் கடல்தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது. பார்த்தால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் கூடை கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. சாமந்தியும் சம்பங்கியும் வாங்கிக் கூடைகளில் நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனது அம்மா. எவ்வளவு தேய்த்தாலும் கூடை கூடைதானே, வழியெல்லாம் பூவும் கவுச்சியும் கலந்து வீசியது. இன்றைக்கும் சாமந்தி வாசனை வந்தால் அதன் பின்னாலேயே எனக்கு மீன் வாசனை வருகிறது.

சர்ச்சுக்குள் நாங்கள் போகவில்லை. போகலாமா கூடாதா என்று தெரியாமல் கேட் ஓரம் நின்றோம். பிறகு பெட்டியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு காசிமேட்டுக் கல்லறைக்குப் புறப்பட்டார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள் நாலைந்து பேர், ஊரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்த அவருடைய தம்பி, பாதிரியார், சர்ச்சு ஆட்கள் கொஞ்சம். அவர்களுக்குப் பின்னால் மீன்கூடைகளோடு எங்கள் குப்பம்.

தெருமுனை வந்ததும் எங்கள் பெண்கள் நின்றுவிட்டார்கள். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகமாட்டார்கள். தெருமுனையில் விழுந்து அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். ஆனால் முன்னால் அந்த நர்சுகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். வேதக்காரர்களில் பெண்களும் கல்லறை வரைக்கும் போவார்கள் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். திரும்பிப் போங்கள் என்று சொல்ல அங்கே எங்கள் ஆண்பிள்ளை ஒருத்தரும் இல்லை.

"அவுங்க போறாங்களே, நமக்கு இன்னா கொறச்சலு?" என்றாள் ஏலம் விடுகிற அத்தை. நடந்தாள். எல்லாரும் நடந்தார்கள்.

பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்தார். பெட்டியை இறக்கினார்கள். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள், எங்கள் பெண்கள் கூடைப் பூவைக் கொட்டினார்கள். அதோடு முடிந்துவிட்டது போலிருந்தது. இவ்வளவுதானா என்று எங்கள் பெண்கள் திகைத்து நின்றார்கள். அழவேயில்லையே இன்னும். அப்போது அம்மா தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு குழி ஓரத்தில் உட்கார்ந்தது. மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து தோளோடு தோள் கட்டிக்கொண்டார்கள். ஒப்பாரி ஆரம்பித்தது. பாதிரியார் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு புஸ்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். நல்ல மனுஷர்.

அம்மாதான் எடுத்துக் கொடுத்தது.

"அஞ்சு பெத்து, என் தாயே, அரை உசுராக் கெடந்தேனே
அடுத்தது வாராம அணை போட்டுக் காத்தவளே
கட்டினவன் அறியாம, என் தாயே, கைபுடிச்சுப் போனவளே
வாய்தொறந்து சொல்லாம மண்ணுக்குள்ள போறியே"

வழக்கமாக ஒருத்தி எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் பின்பாட்டாக ஓலமிடுவார்கள். அன்றைக்கு யாரும் ஓலமிடவில்லை. எல்லாரும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டது. வந்த வேகத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது போலிருக்கிறது.

பக்கத்து வீட்டுச் சித்திதான் முதலில் பேசினாள். பாடவில்லை, பேசினாள். "உனக்குமாக்கா?"

அம்மா அவளைப் பார்த்தது. "உனக்கு?"

"எனக்குந்தான். போன ஆடிலேர்ந்து. நான் ஒருத்திதான்னு நெனச்சுக்கினு கீறேன்."

அப்புறம் அந்த வட்டத்தில் ஒவ்வொருத்தியாக முகத்தை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்கள். எனக்கும், எனக்கும் என்று. நாட்டார் பெண்டாட்டி எல்லாருக்கும் கடைசியில் ஆட்டினாள். "எங்கூட்டுக்காரரு மறிச்சாரே, அதுக்கு மறுநாளு போனேன்" என்றாள். ஏலம் விடுகிற அத்தைக்கு ஒரு சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. கல்லறையில், பிணத்துக்கு முன்னால், அந்தத் தொண்டையில் ஒரு சிரிப்பு. அது எல்லாரையும் பிடித்துக்கொண்டது. சிரித்துக்கொண்டே அழுதார்கள், அழுதுகொண்டே ஒருத்தி முதுகில் ஒருத்தி அடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு வந்த ஒப்பாரி மாதிரி என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. ஒருத்தர் விடாமல் எடுத்துக் கொடுத்தார்கள். நர்சம்மா தங்களுக்குச் செய்த ஒவ்வொன்றையும், புருஷனிடம் சொல்லமுடியாததை, மாமியாரிடம் சொல்லமுடியாததை, பேர் வைத்து, இடம் வைத்துப் பாடி அழுதார்கள்.

நர்சம்மாவின் தம்பி மிரண்டுபோய்ப் பக்கத்திலிருந்த நர்சிடம் கேட்டார். "இவியல்லாம் யாரு?"

அந்த நர்சு உதட்டைப் பிதுக்கினார்.

எனக்கும் அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை. அணை என்றால் புழல் ஏரிக்கரை மாதிரி ஏதோ என்றுதான் நினைத்தேன். என் இரண்டாவது பிரசவத்துக்கப்புறம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இனிப் பிள்ளை வேண்டாமென்றால் லூப் வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டபோதுதான், மார்கழி மாச வெயிலும் பாதி விற்காத கூடையும் அந்தக் கல்லறையும் ஒன்றாக வந்து நின்றன. கட்டிலில் படுத்தபடி அழுதேன். டாக்டரம்மா பயந்துவிட்டார், வலிக்கிறதாம்மா என்றார்.

நாங்கள் குப்பத்துக்குத் திரும்பியபோது வெயில் உச்சியில் இருந்தது. மரங்கள் எப்போதோ கரைக்கு வந்துவிட்டன. அன்றைக்கு எறா கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தது. வாங்கிக் கூறு கட்ட ஆளில்லை, ஏலம் விட ஆளில்லை. பேரம் பேசத் தெரியாமல் ஆண்கள் வேன்காரன் வாய்க்கு வந்த விலைக்குக் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு, அவன் வேண்டாம் என்று கழித்ததையெல்லாம் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மணலில் குவியல் குவியலாக எறாவும் மீனும். மேலே காக்கா. நாற்றம் ஆரம்பித்துவிட்டது.

தலைமுடி அவிழ்ந்திருந்த பெண்கள் அந்தக் குவியல்களுக்கு நடுவில் நடந்து போனார்கள். ஒருத்தியும் கீழே பார்க்கவில்லை. நேராகக் கடலில் இறங்கித் தலை முழுகினார்கள். நைனா கையில் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். தலையில் வைப்பதா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மாவைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் நாட்டார் ஆள் அனுப்பித் தண்டோரா போடச் சொன்னார். நாளைக்கு யாரும் மரம் இறக்கக் கூடாது. காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் கடல் அவ்வளவு அமைதியாக இருந்தது. எறா வேன் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அத்தனை மரமும் மணலில் ஏறிக் கிடந்தன. அடக்கமே முடிந்துவிட்ட ஒரு சாவுக்கு, ஒரு நாள் பிந்தி. டீக்கடையில்கூடச் சத்தமில்லை. நர்சம்மாவுடைய சைக்கிள் ரொம்ப நாள் போலீஸ் ஸ்டேஷன் சுவரோரம் கிடந்தது. முன்சக்கரம் மடங்கி, செம்மண் அப்பி. பள்ளிக்கூடம் போகும்போது நான் மணியை மட்டும் ஒருதரம் அடித்துவிட்டுப் போவேன். துரு ஏற ஏறச் சத்தம் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் சைக்கிளே இல்லை. அந்தத் தராசு யாரிடம் போனதோ, தெரியவில்லை.

இதையெல்லாம் மருமகளிடம் சொன்னேன். நர்சம்மா கதை வரைக்கும் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் நடந்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

மரம் இறங்காத அன்றைக்கு நைனா நாள் முழுக்க மரத்தோரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அம்மா தட்டை வைத்து மீன் குழம்பு ஊற்றியது. அவர் கை வைக்கவில்லை.

"இன்னிக்கி யாரும் எறக்கல. பாத்தியா?"

"பாத்தேன்."

"நேத்தே எறக்காம இருந்திருக்கணும். அன்னிக்கி கூட்டத்துல நான் வாயத் தொறந்திருக்கணும். தப்புதான். நானும் உங்கூட பொணத்துக்கு வந்திருக்கணும்."

நைனா தப்பு என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அம்மா கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அவரையே பார்த்தது. கோபம் போய்விட்டிருந்தது, அது எனக்கே தெரிந்தது. சொல்லிவிடப் போகிறது என்றும் ஒரு கணம் தோன்றியது, எதை என்றுதான் தெரியவில்லை.

"வுடுயா. நேத்து நீங்கல்லாம் கடலுக்குப் போனதே நல்லது" என்றது அம்மா.

நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். கடைசிவரைக்கும் அவர் அதை மன்னிப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.